ஏரிக் காற்று

"இன்னைக்கு ஏரிக் காத்து அடிக்குது. ஸ்பாஞ்ச் எந்திரிக்காது."

மேஸ்திரி வாயிலிருந்து இது வந்துவிட்டால் மேல் அப்பீல் கிடையாது. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவார். டைக்குள் வறட்டி மாதிரி சப்பையாகக் கிடக்கும் ரப்பரைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு நாங்கள் டீக்கடைக்கு நடப்போம். யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. குற்றவாளி ஏரி. சேலம் பட்டணம் குடிப்பதற்கென்று 1911-ல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி, 2,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும். அவ்வளவு பெரிய ஆளைப் போய் யார் கேள்வி கேட்பது?

1979 வாக்கில் நடந்த கதை இது. மல்லூர் போகும் பாதையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு இரட்டை ரோல் மில், விறகு தின்னும் பாய்லர், கையால் பம்ப் அடிக்கிற இரண்டு பிரஸ். எனக்கு 17 வயது. நாங்கள் செய்தது லாரிக் கதவுக்கு வைக்கிற ஸ்பாஞ்ச் பீடிங். கை நீளத் துண்டுகளாக வார்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, சுருட்டி, சாக்கில் கட்டி நாமக்கல்லுக்கு பஸ் மேல் ஏற்றி அனுப்புவோம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல்.

நாமக்கல்லுக்கு ஏன் ஸ்பாஞ்ச் வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் லாரி, கம்பெனியிலிருந்து முழுசாக வராது. எஞ்சினும் சக்கரமும் இரும்புச் சட்டமும் மட்டும் வரும். சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் அதை ஓட்டி வருவார். கேபினைக் கட்டுவது நாமக்கல் பட்டறை ஆசாரிகள். மர வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் மரம் வெயிலுக்கு ஒரு பக்கம் இழுக்கும், மழைக்கு இன்னொரு பக்கம் ஊதும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மேலே நூல் போகிற சந்து, கீழே விரல் போகிற சந்து. கெட்டியான பீடிங் வைத்தால் மேலே முட்டிக்கொண்டு கதவு சாத்தாது. சாத்தினாலும் கீழே தூசி உள்ளே வரும். மேலே நசுங்கி, கீழே உப்பி, இரண்டையும் அடைக்கிற சாமான் ஒன்றுதான்: உள்ளே காற்று அடைந்த மெத்து ரப்பர்.

"மெட்ராசுல திருவொற்றியூர் கொட்டாயில பலூன் ஊதித்தாண்டா எம்.ஆர்.எஃப். வந்துச்சு. அவரு பலூனு, நாம ஸ்பாஞ்சு. ரெண்டும் காத்துதான்" என்பார் முதலாளி. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் பொம்மை பலூனில்தான் தொடங்கினார் என்பது உண்மை. அவருடைய காற்று டயருக்குள் போய்ச் சேர்ந்தது. எங்கள் முதலாளியின் காற்று எந்தப் பக்கம் போனது என்பதுதான் மீதிக் கதை.

ஸ்பாஞ்ச் செய்வது இட்லி சுடுவது மாதிரி என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார். டை முழுக்க ரப்பர் வைக்கக் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும். சூடு ஏறினதும் உள்ளே கலந்த பொடி வாயுவாக வெடித்து ரப்பரைத் தூக்கும். அதே சூட்டில் கந்தகம் வேலை செய்து ரப்பரை வேகவைக்கும். இந்த இரண்டுக்கும் நடக்கிற ஓட்டப் பந்தயம்தான் தொழில். ரப்பர் முந்தி வெந்துவிட்டால் வாயு தூக்க முடியாமல் சோர்ந்து போகும். கிடைப்பது செருப்பு அடி. வாயு முந்திக்கொண்டால் கண்ணறை எல்லாம் உடைந்து, டையைத் திறந்ததும் புஸ்ஸென்று அமுங்கிப் போகும். இரண்டும் தோளோடு தோள் வந்தால்தான் பீடிங்.

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கந்தகம் கலந்த ரப்பரைச் சூடான அடுப்பில் பட வைத்துத்தான் வேகவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார் என்று பின்னால் படித்தேன். எங்கள் கொட்டகையில் தினமும் யாராவது ஒருவர் எதையாவது அடுப்பில் படவைத்துக்கொண்டுதான் இருந்தோம். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் இன்னொரு பாடு இருந்தது. வாயு தூக்க வேண்டுமென்றால் ரப்பர் தளதளவென்று இருக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வரும் புகைபோட்ட ஷீட், முறுக்கேறிய காளை மாதிரி இருக்கும். அதை ரோலில் விட்டு அரைத்து, ஒரு நாள் ஆறப் போட்டு, மறுபடி அரைத்து, அதன் முறுக்கை உடைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு மாவு, கார்பன், எண்ணெய், ஜிங்க், ஸ்டியரிக், ஃபேக்டிஸ். தாவர எண்ணெயைக் கந்தகத்தோடு காய்ச்சி இறுக வைத்த பழுப்புக் கட்டிதான் ஃபேக்டிஸ். பார்க்க அல்வா, வாயில் போட்டுப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். இத்தனையும் சேர்ந்து ரப்பர் பதத்துக்கு வரும்போது அது ரோலை விடாது.

ஒட்டுகிறதென்றால் சும்மா ஒட்டுவதில்லை. சப்பாத்தி மாவில் தண்ணீர் கூடிப்போனால் கையும் பலகையும் என்ன ஆகுமோ, அது. முன் ரோலில் சுற்ற வேண்டிய ரப்பர் பாதி பின் ரோலுக்குத் தாவும். நடுவில் நூல் நூலாகத் தொங்கும். கத்தியால் அறுத்தால் கத்தியோடு வரும். மாக்கல் பவுடரை அள்ளித் தூவுவோம். தூவினால் ஒட்டாது, ஆனால் அந்தப் பவுடர் மடிப்புக்குள் போய், ஸ்பாஞ்ச் வெந்தபின் அங்கே வாழைத்தண்டு மாதிரி பட்டை பட்டையாக உரியும். ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்பு மாவைக் கூட்டினால் ரப்பர் கைக்கு அடங்கும்; ஸ்பாஞ்ச் கல்லாகிவிடும். மெத்தென்று இருக்க எண்ணெயைக் கூட்டினால் ஸ்பாஞ்ச் பஞ்சு. ரோலிலிருந்து பிரித்தெடுக்க நாலு ஆள். கைக்கு நல்லது கதவுக்கு ஆகாது, கதவுக்கு நல்லது கைக்கு ஆகாது. எட்டு வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றேன்.

மேஸ்திரியின் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. ஒட்டிய ரப்பரைப் பிடித்து இழுத்தபோது ரப்பர் அவரை இழுத்துவிட்டது, வேறொரு ஊரில், வேறொரு மில்லில். "ஒன்பதே முக்கால் விரல்" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ரோலை நிறுத்தும் ஸ்விட்ச் எங்கள் கொட்டகையில் மில்லிலிருந்து ஆறு எட்டு தள்ளிச் சுவரில் இருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே சொல்வோம்.

வாயுப் பொடிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஆப்ப சோடா. சத்தியமாக ஆப்ப சோடாதான். ஸ்பாஞ்ச் ரப்பருக்குப் பழைய காலத்து வாயுப் பொடிகளில் அதுவும் ஒன்று. அதில் வருகிற கரியமில வாயு ரப்பரைத் தாண்டி வெளியே நழுவிவிடும்; காலையில் குண்டாக இருந்த பீடிங் சாயங்காலம் நோய் கண்டதுபோல் இளைத்துவிடும். அப்புறம் மீன் நாற்றம் அடிக்கும் ஒரு வெள்ளைப் பொடி வந்தது. நாற்றம் அடங்கவும், குறைந்த சூட்டிலேயே வாயு கிளம்பவும் அதோடு யூரியா சேர்க்க வேண்டும். மாவாக அரைத்த யூரியா பம்பாயில் கிடைக்கும் என்று வியாபாரி சொன்னார். "யூரியாவுக்கு எதுக்கு பம்பாய்?" என்று முதலாளி உரக்கடையில் ஒரு மூட்டை வாங்கிவந்தார். அரைக்கும் வேலை எனக்கு. அம்மியில் பாதி அரைத்தேன், மீதி நாள் சினிமாவுக்குப் போனேன்.

மறுநாள் டையைத் திறந்தால் பீடிங் நெடுக, குருணை கிடந்த இடமெல்லாம் கோலிக்குண்டு போகிற ஓட்டை. மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் முதலாளி பக்கம் திரும்பி, "ஏரிக் காத்துங்க" என்றார்.

அந்த மனுஷனுக்கு நான் கடைசிவரை கடன்பட்டிருக்கிறேன்.

முதலாளி விடவில்லை. வெளிநாட்டு பீடிங் எல்லாம் நியோபிரீன், அதற்கு மக்னீஷியா வேண்டும் என்று யாரோ சொல்ல, "மக்னீஷியாவா, நம்ம சேலத்து வெள்ளைக்கல்லு!" என்று துள்ளி, சுண்ணாம்புக்கரடு பக்கம் சூளையில் சுட்ட மாவு ஒரு மூட்டை இறக்கினார். சேலத்து மேக்னசைட் உலைச் செங்கலுக்குப் பேர்போனது. கடுஞ்சூட்டில் சுட்டது, எதற்கும் அசையாது. அதுதான் அதன் பெருமை. ரப்பருக்கு வேண்டியதோ சுறுசுறுப்பான, லேசான மக்னீஷியா. அந்த மூட்டை கொட்டகை வாசலில் படியாகப் பல வருஷம் உழைத்தது.

தரப் பரிசோதனையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மாதிரித் துண்டை மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் கயிற்றுக் கட்டில் காலுக்கு அடியில் வைத்து, மேலே படுத்துத் தூங்குவார். காலையில் எடுத்ததும் பழையபடி எழுந்தால் பாஸ். எழாவிட்டால், அன்றைக்கு மச்சான் வந்து பக்கத்தில் படுத்துவிட்டான் என்பார்.

எனக்கு அந்த நாளிலேயே இளைப்பு வந்துவிட்டது. வாயுப் பொடி மஞ்சளாக மாறியிருந்த சமயம். ஏடிசி என்பார்கள், அசோடைகார்பனமைடு. நைட்ரஜன் வாயு தரும், ஸ்பாஞ்ச் இளைக்காது, நாற்றமும் கம்மி. மாவு மாதிரி பறக்கும். சாயங்காலம் எங்கள் புருவம் எல்லாம் மஞ்சள் பூசின மாப்பிள்ளை மாதிரி இருக்கும். டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடியை விடுப்பா" என்றார். நான் பீடி தொட்டதில்லை. அவரிடம் சொன்னால் நம்பவில்லை. வீட்டில் சொன்னால் அதற்கும் மேல்.

1987-ல் கொட்டகையை மூடினார்கள். நான் நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பக்கம் போய், பிறகு கடை வைத்து, பிறகு கடையை விட்டு, இப்போது பனமரத்துப்பட்டியில் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பவனை அக்கா மகன் கூப்பிட்டான். அவனும் ஸ்பாஞ்ச் பீடிங் யூனிட் போட்டிருக்கிறான். "மாமா, வந்து ஒரு பார்வை பாருங்க."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சட்டை சாயங்காலமும் வெள்ளையாக இருந்தது. அதுவே எனக்கு முதல் அவமானம்.

காம்பவுண்ட் பெட்டியில் வருகிறது. வேறொரு ஊரில் மூடிய மிக்சரில் கலந்து, ரிப்பன் மாதிரி மடித்து அனுப்புகிறார்கள். கையில் எடுத்தேன். மெத்து ஸ்பாஞ்சுக்கான காம்பவுண்ட், ஆனால் கையில் ஒட்டவில்லை. கிள்ளினேன், நூல் இழுக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது அடுக்கியபடியே இருக்கிறது. எங்கள் காலத்தில் இரவு அடுக்கிவைத்தால் காலையில் மொத்தமும் ஒரே களிமண் உருண்டை. லேபில் இருக்கும் ராசிபுரத்துப் பொண்ணு, பாலிமர் டிப்ளமோ படித்தது, விளக்கியது.

"இது ஈபிடிஎம் ரப்பருங்க ஐயா. எண்ணெயை உள்ள இழுத்துக்கிட்டே வர்ற ரகம். இதுல ஒரு பங்கு சங்கிலி படிகமாட்டம் இறுகி நிக்கும். கொட்டாய் சூட்டுல கெட்டியா இருக்கும், டைக்குள்ள போனா இளகிடும்."

"வெண்ணெ மாதிரி."

"ஆமாங்க, வெண்ணெ மாதிரி."

எட்டு வருஷம் நான் நின்ற இடத்தை அந்தப் பொண்ணு இரண்டு வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டது. ஈபிடிஎம் 1960-களிலேயே சந்தைக்கு வந்த ரப்பர். வெயிலுக்கும் ஓசோனுக்கும் வெடிக்காது. எங்கள் இயற்கை ரப்பர் பீடிங் இரண்டு கோடையில் பாளம் பாளமாக விரியும். நாங்கள் ரோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே விடை உலகத்தில் இருந்தது. எங்கள் பஸ் அந்தப் பக்கம் போகவில்லை.

பொடி எங்கே என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து காட்டியது. மஞ்சள் நிறத்தில் துவரம் பருப்பு அளவுக்கு மணி மணியாக இருந்தது. பொடியை ரப்பரிலேயே பிசைந்து மணியாக்கிவிடுகிறார்கள். பறக்காது, சீராகக் கலக்கும். அந்த மஞ்சள் மாவை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரும் என்று ஐரோப்பாவில் 2012-ல் கவலைக்குரிய ரசாயனப் பட்டியலில் ஏற்றிவிட்டார்களாம். அதற்கும் முன்னால், 2005-லேயே, குழந்தை உணவு பாட்டில் மூடியின் உள்வளையத்தில் இதைப் போடுவதை அங்கே நிறுத்தினார்கள். சூட்டில் இது சிதையும்போது வேறொரு வேண்டாத பொருள் உண்டாகி உணவில் இறங்கியது. அமெரிக்காவில் இதே பொடியை ரொட்டி மாவில் கலக்கிறார்கள் என்று 2014-ல் ஒரு பெரிய சண்டை. யோகாப் பாயில் இருப்பது சாண்ட்விச்சிலும் இருக்கிறதென்று. இட்லி மாதிரி என்று மேஸ்திரி சொன்னது சும்மா இல்லை.

எனக்கு இளைப்பு எதனால் வந்தது என்று 40 வருஷம் கழித்துத் தெரிந்தது. பீடி தொட்டதில்லை என்று சொல்ல அந்த டாக்டரைத் தேடினேன். அவர் காலமாகிவிட்டார்.

அந்தப் பொண்ணு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கிள்ளு எடுத்து ரியோமீட்டர் என்ற மெஷினுக்குள் வைக்கிறது. திரையில் ஒரு கோடு வரும். முதலில் இறங்கி, கொஞ்சம் தரையில் நடந்து, பிறகு ஏறும். எத்தனை விநாடி இளகி இருக்கும், எப்போது வேக ஆரம்பிக்கும், எப்போது வெந்து முடியும், எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கிறது. மேஸ்திரி இதைக் கட்டைவிரலால் அழுத்திச் சொல்வார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும்; மீதி மூன்றுக்கு ஏரி இருந்தது. கட்டில் காலுக்குப் பதில் இரண்டு இரும்புத் தகடு. நடுவில் துண்டை அமுக்கி ஓவனில் வைத்து, ஒரு நாள் கழித்து எடுத்து ஸ்கேலில் அளக்கிறார்கள். மச்சான் வந்து படுக்க வழியில்லை. மில் ஒன்று இருக்கிறது, சும்மா சூடேற்ற. இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. சாய்ந்தால் ரோல் நின்றுவிடும். நான் இரண்டு தடவை தெரியாமல் சாய்ந்து நிறுத்தினேன். பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது தடவை எனக்கு நாற்காலி போட்டார்கள்.

இவ்வளவு துல்லியம் எதற்கென்றால், ஆர்டர் அப்படி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். சந்து இருந்தால் குளிர் போய்விடும். ஆனால் கதவு லேசாகச் சாத்த வேண்டும். ஓங்கி அறைந்தால்தான் மூடும் என்றால் வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான். அதே பழைய கேள்விதான், மில்லிமீட்டரில் கேட்கிறார்கள்.

போன சித்திரையில் ஒரு நாள் ஸ்பாஞ்ச் எழவில்லை.

ஒரு பெட்டி முழுக்க வறட்டி. கையில் எடுத்ததும் எனக்கு அந்த வாசனை, அந்தச் சப்பை, எல்லாம் தெரிந்த முகம் மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் அக்கா மகன் கோபித்துக்கொள்வான். மேஸ்திரி குரலில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பொண்ணு மிச்சத்தில் ஒரு கிள்ளை மெஷினில் வைத்துவிட்டது. கோடு தரையில் நடக்கவே இல்லை, இறங்கினதும் ஏறிவிட்டது.

"முன்னாடியே வெந்திருச்சுங்க. யாரோ சூடான இடத்துல வச்சிருக்காங்க. ஈபிடிஎம் லேசுல வேகாதுன்னு இதுல வேக வைக்கிற மருந்தே நாலஞ்சு போட்டிருக்கு. சூடு தாங்காது."

எல்லோரும் யோசித்தார்கள். நான் யோசிக்கவில்லை, எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் அந்தப் பெட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்துப் பிரஸ்ஸுக்குப் பின்னால் வைத்தது நான்தான். மேஸ்திரி அப்படித்தான் செய்வார். காம்பவுண்டை பாய்லர் பக்கம் வைத்தால் கொஞ்சம் பதமாக இளகி, அரைக்கச் சுலபமாக இருக்கும். பையன்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று வைத்தேன்.

ஒத்துக்கொண்டேன். அந்தப் பொண்ணு முகம் சுளிக்கவில்லை. ரிஜிஸ்டரை எடுத்துத் தேதி போட்டு, பெட்டி எண் போட்டு, 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தது. "என்னங்க ஐயா எழுதறது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஏரிக் காற்று என்று எழுதச் சொல்லியிருக்கலாம். ஏரியில் தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேலம்.